மேலச்சாத்தனூர் – இரண்டாம் பாகம்

எங்கள் ஊரின் இரண்டாம் பாகம் தை மாதக் கடைசியில் வெளியானது. வீடியோ கேம்களுக்கு வருவது போல ஊர்களுக்கும் அடுத்த பாகம் வரத் தொடங்கிய பிறகு, சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊர்களும் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. மேலச்சாத்தனூருக்குத்தான் தாமதம். முதல் பாகம் அவ்வளவாகப் போணியாகவில்லை என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். உள்ளே வாழ்ந்த எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

புது ஊரை பைபாஸ் சாலைக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தார்கள். அங்கே குடியேறும் முறை எளிமையானது. ஒவ்வொருவரும் வாழ்ந்த வாழ்க்கை, எடுத்த முடிவுகள் உட்பட, அவரவர் மெமரி கார்டில் பதிவாகியிருக்கும். ஆண்கள் அதைத் தாயத்துக்குள் போட்டு அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்போம். பெண்கள் கைப்பையிலோ கைக்குட்டையிலோ முடிந்து வைத்திருப்பார்கள். கார்டைக் கொடுத்தால் அதே ஆளாகப் புது ஊரில் தொடரலாம். கார்டு இல்லாதவர்களுக்கு, ஊரை எழுதியவர்கள் தயாராக வைத்திருக்கும் பொது வாழ்க்கை ஒன்றைக் கொடுப்பார்கள். பைபாஸ் நெடுகிலும் பேனர் கட்டியிருந்தார்கள்: 'உங்கள் ஒவ்வொரு முடிவும் எதிரொலிக்கும்.' கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பேனரை அவ்வளவு உயரத்தில் கட்டியிருந்ததால் யாராலும் படிக்க முடியவில்லை.

நான் தில்லைநாயகம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தேன். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். என் மனைவி மங்கையர்க்கரசி பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. மீதிப் பாதி ஊர் அவளிடம் திட்டு வாங்கியது.

மாறுவதற்கு முந்தின நாள் காலையில் மங்கை மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, என் கார்டு வாஷிங் மெஷின்ல போயிடுச்சுங்க."

"நனைஞ்சிருச்சா?"

"துவைச்சு, அலசி, பிழிஞ்சே குடுத்திருச்சு. கைக்குட்டையில முடிஞ்சிருந்தேன்."

"வெயில்ல போடு. காஞ்சா சரியாயிடும்."

மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு தாம்பாளத்தில் கார்டையும் வைத்தாள். சிறிது நேரம் கழித்து ஒரு காகம் வந்து கார்டைக் கொத்திக்கொண்டு போனது. வடகத்தைத் தொடவில்லை.

"விவரமான காக்கா," என்றாள் மங்கை. அவள் யாரையும் எளிதில் பாராட்ட மாட்டாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் மாற்றல் நடந்த கல்யாண மண்டபத்துக்குப் போனோம். மணமேடையில் கம்ப்யூட்டர்களை வைத்துக் கவுன்டர் போட்டிருந்தார்கள். என் கார்டை வாங்கிச் சொருகிய பெண் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முக்கிய முடிவுகள் வருது சார். ஏரியைக் காப்பாத்தியிருக்கீங்க."

"ஆமா. பொக்லைன் முன்னாடி படுத்தேன்."

"நல்லது. அப்புறம், சேர்மனைத் தேர்தல்ல தோக்கடிச்சிருக்கீங்க. நல்லது. நின்னுபோன ஒரு வேனைத் தள்ளிவிட்டிருக்கீங்க."

"அது முக்கிய முடிவா?"

"வந்திருக்கு சார். மனைவி, மங்கையர்க்கரசி, தலைமையாசிரியை. எல்லாம் சரியா ஏறியிருக்கு. அவங்க காலையிலேயே வந்து மாத்திட்டுப் போயிட்டாங்க."

"நான் இங்கதானேம்மா நிக்கிறேன்," என்றாள் மங்கை.

அந்தப் பெண் முதல்முறையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்க கார்டு மேடம்?"

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு."

"காக்காதான் காலையில வந்துச்சு. கார்டு சரியா இருந்துச்சு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுச்சு. உங்களுக்குப் பொது வரிசை மேடம். அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடத்துல."

மங்கை வாதாடவில்லை. ஐடி கார்டு கொண்டுவராத மாணவிகளை அவளே பல வருடம் வெளியில் நிறுத்தியிருக்கிறாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தாள். வாசலில் திரும்பி, "தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இன்னைக்கு விட்டா புளிச்சிடும்," என்றாள். என் மனைவியாக அவள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். நான் சரி என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மாவு புளித்துவிடும் என்பதும் உண்மை.

புது ஊரின் நுழைவாயிலில் ஒரு தென்னை மரம் இருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவர் தலையிலும் அதிலிருந்து ஒரு தேங்காய் விழும். பழைய திறமைகளையெல்லாம் அப்படியே கொண்டுவந்தால் புது ஊரில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு. எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டோம். ஹெல்மெட் போட்டு வந்த ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்.

தேங்காய் விழுந்த பிறகு எனக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை. மற்றவை நினைவிருந்தன. டிரைவிங் ஸ்கூல் இருந்தது, போர்டில் என் பெயர் இருந்தது, காரும் இருந்தது. அதில் எத்தனை மிதிகள், எதை எப்போது மிதிக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. என்னைப் போலவே பல் டாக்டருக்குப் பல் பிடுங்கத் தெரியவில்லை, பூசாரிக்கு மந்திரம் மறந்துவிட்டது. எல்லோரும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அதற்கு வேலைகள் தந்தார்கள். யாராவது ஒருவருடைய காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இத்தனை ஆடுகள் காணாமல் போகிற ஊர் வேறு எங்கும் இருக்காது. கண்டுபிடித்துக் கொடுத்த ஆட்டை உரிமையாளர்கள் மறுபடி அவிழ்த்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜில் இருந்த மாவு உட்பட வீடு அப்படியே புது ஊருக்கு வந்திருந்தது. சாப்பாட்டு மேசையின் எதிர் நாற்காலியில் காகம் உட்கார்ந்திருந்தது. மங்கையின் மூக்குக் கண்ணாடி அதன் அலகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

"கா," என்றது.

இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று பொருள். பல வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அதில் சந்தேகம் வராது. தோசை வார்த்தேன். முதல் தோசை தீய்ந்தது. காகம் மறுபடி "கா" என்றது. கல் காயும் முன்பே மாவை ஊற்றுவது என் பழக்கம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

அதற்கு எல்லாமே தெரிந்திருந்தது. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது, குற்றாலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டது யாருடைய தப்பு என்பது, எங்கள் கல்யாணத்துக்கு என் அக்கா மங்கைக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் நிறம் யாருக்குமே பொருந்தாது என்பது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. பள்ளியிலும் அதைத் தலைமையாசிரியையாக ஏற்றுக்கொண்டார்கள். கார்டில் எல்லாம் சரியாக இருந்தது அல்லவா. காலை வழிபாட்டில் கொடிக்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கும். ஒரு மாணவியும் அசைய மாட்டாள். முன்பு மங்கைக்குத் தரையிலிருந்து பின்வரிசை தெரியாது. இப்போது ஒழுங்கு கூடியிருக்கிறது என்று பெற்றோர் சங்கத்தில் பேசினார்கள்.

என்னுடைய முடிவுகளும் வாக்குக் கொடுத்தபடி எதிரொலித்தன. நான் காப்பாற்றிய ஏரி புது ஊரில் வாகன நிறுத்துமிடமாக இருந்தது. ஊரை எழுதியவர்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் என் முடிவு வீணாகிவிடக் கூடாது என்பதற்காக பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவரை உட்காரவைத்திருந்தார்கள். நான் கடந்து போகும்போதெல்லாம், "ஏரியைக் காப்பாத்துனாங்களாமே," என்பார். ஏரியைக் காப்பாற்றாதவர்கள் கடந்து போனால், "ஏரி போயிடுச்சாமே," என்பார். இரு தரப்பும் வண்டியை ஒரே இடத்தில்தான் நிறுத்தினோம். நான் தோற்கடித்த சேர்மன், மீசையை மட்டும் எடுத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதியவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். கை குலுக்கினேன். வேன் தள்ளிவிட்டதற்கு மட்டும் உடனடிப் பலன் கிடைத்தது. வேன்காரர் ஒருநாள் தேடி வந்து, "அன்னைக்கு நீங்க தள்ளலைன்னா நான் இன்னைக்கு இல்ல," என்று கண் கலங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

மங்கையை ஒரு ஜெராக்ஸ் கடையில் கண்டேன். பொது வாழ்க்கையில் அவளுக்கு அதுதான் ஒதுக்கியிருந்தார்கள். காணாமல் போன ஆடு ஒன்றைத் துரத்திக்கொண்டு கோர்ட் தெருவுக்குள் போனபோது, மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அதே முகம். மூக்குக் கண்ணாடி இல்லை, முடியை வேறு மாதிரி பின்னியிருந்தாள்.

"மங்கை," என்றேன்.

"எத்தனை காப்பி?" என்றாள்.

"நான்தான். தோசை சுட்டேன். மாவு வீணாகலை."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

பொது ஆட்களுக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எழுத மாட்டார்கள். செலவு அதிகம். ஒரு காலத்தில் கல்வி அதிகாரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்ட பேச்சுக்குச் சொந்தக்காரி, இப்போது இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் பையிலிருந்த பழைய டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். ஒரு பக்கம் என்றேன். ஆட்டை விட்டுவிட்டேன்.

புகார்ப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பாக்கியராஜ் என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க பதிவுல அவங்க உங்க மனைவி. அவங்க பதிவுல நீங்க வாடிக்கையாளர். இதுல தப்புன்னு எதைச் சொல்றது?"

"என் மனைவியோட வாழ்க்கை காக்கா கிட்ட இருக்கு."

"காக்கா அதைக் கெடுக்கலையே. நல்லாத்தானே நடத்துது? என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. கணக்குல இப்ப எவ்வளவோ பரவாயில்ல."

"மங்கைக்கு ரெண்டு வாக்கியந்தான் இருக்கு சார்."

"எங்க மாமனாருக்கு ஒண்ணுதான்," என்றார் பாக்கியராஜ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பழகிப் பாருங்க. பரிசு குடுத்தா சில பேருக்குப் புது வாக்கியம் வருதுன்னு சொல்றாங்க. நாங்க உறுதி குடுக்க முடியாது."

மறுநாள் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போனேன். மங்கைக்கு மல்லிகை என்றால் உயிர். அவள் வாங்கி, மெஷினின் கண்ணாடி மேல் பரப்பி, மூடியை அழுத்தி, "எத்தனை காப்பி?" என்றாள். ஒன்று என்றேன். வெளிச்சம் ஒருமுறை ஓடியது. மல்லிகையையும் மல்லிகையின் நகலையும் என் கையில் கொடுத்தாள். நகல் தெளிவாக இருந்தது. நல்ல மெஷின்.

அதன் பிறகு தினமும் போனேன். பூ, முறுக்கு, அவளுக்குப் பிடித்த பச்சைக் கண்ணாடி வளையல், எல்லாவற்றுக்கும் நகல் கிடைத்தது. கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாளில் லைசென்ஸை நீட்டுவேன். அவள் நகல் எடுக்கும்போது நான் அன்றைய செய்திகளைச் சொல்வேன். பல் டாக்டர் முதல் பல்லைப் பிடுங்கிவிட்டார், ஆனால் தப்பான பல். நான் இரண்டாவது கியர் வரை வந்துவிட்டேன். அவள் "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பாள். ஆனால் அதை ஒரே மாதிரி சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. பல் டாக்டர் கதைக்கு அவள் கேட்ட 'ரெண்டு பக்கமா' என்பதில் சிரிப்பு இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்று சொன்ன அன்று 'எத்தனை காப்பி' என்பதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. இது என் பிரமையாகவும் இருக்கலாம். பழைய மங்கையிடமும் எனக்கு இந்தச் சந்தேகம் இருந்ததுண்டு.

நகல்கள் வீட்டில் குவிந்தன. காகம் அவற்றைப் பார்த்தது. பீரோவின் மேல் கட்டிக்கொண்டிருந்த கூட்டுக்கு அவற்றை உள்விரிப்பாகப் போட்டுக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் நான் எங்கே போகிறேன் என்று கேட்காமலே இருந்தது. மங்கையாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். நானே சொல்லும் வரை குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டே வருவாள். குழம்பில் உப்பு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சொன்னேன். கோர்ட் தெருவில் ஜெராக்ஸ் கடை, அங்கே இன்னார் என்று. காகம் தலையைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் என்னைப் பார்த்தது.

"கா," என்றது, சுருக்கமாக.

பள்ளி வளாகத்திலேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், போய்வர வசதியாக இருக்கும் என்றது. வேறு காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை மூக்குக் கண்ணாடியையும் வீட்டிலிருந்த ஸ்பூன்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. எங்கள் கல்யாணம், சண்டைகள், குற்றாலம், என் அக்கா எடுத்த சேலை, எல்லாம் புளியமரத்துக்கு மேலே பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை முழுதாகத் தெரிந்திருந்த ஒரே உயிர் அதுதான். ஜன்னலைச் சாத்தினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று திறந்துவைத்தேன். அன்று காபியில் சர்க்கரையைப் பேனா மூடியால் கலக்கினேன்.

அதற்குப் பிறகு சில நாள் கடைப்பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் போனேன். லைசென்ஸை நீட்டினேன். அவள் வாங்கிக் கண்ணாடி மேல் வைத்து மூடினாள். வெளிச்சம் பாதி தூரம் ஓடி நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது.

மெஷின் ஓடாத நேரத்தில் 'எத்தனை காப்பி' என்று கேட்க முடியாது. 'ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா' என்றும் கேட்க முடியாது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மின்வெட்டு நேரத்துக்கு அவளுக்கு யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. புது ஊரில் மின்வெட்டே வராது என்று நினைத்திருப்பார்கள்.

"கரண்ட் போயிடுச்சு," என்றாள்.

"ஆமா," என்றேன்.

அவள் தன் குரலை ஒரு கணம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"நாலு நாளா ஆளைக் காணோம். பூ, முறுக்கு, வளையல், ஒண்ணும் இல்லைன்னா இதே லைசென்ஸ்னு தினமும் காப்பி எடுக்குறீங்க. நீங்க யாரு?"

என் தாயத்துக்குள் பதில் இருந்தது. அரசாங்க முத்திரையோடு சரிபார்க்கப்பட்ட பதில். அவள் என் மனைவி என்று அதில் பதிவாகியிருந்தது. அதைக் காட்டினால் அவள் மறுக்க மாட்டாள். பொது ஆட்கள் எதையும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் கிடையாது.

"வாடிக்கையாளர்தான்," என்றேன்.

"அது தெரியுது. பேரு?"

"தில்லைநாயகம்."

"லைசென்ஸ்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. போட்டோதான் நம்பற மாதிரி இல்ல." சிரித்தாள். "நான் மங்கை. முழுப் பேரு நீளம். போர்டுல எடம் பத்தலை."

"நல்ல பேரு."

"வண்டி ஓட்டுவீங்களா?"

"மூணாவது கியர் வரைக்கும்."

"அது போதும் இந்த ஊருக்கு," என்றாள். பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தாள். "சாப்பிட்டீங்களா?"

எலுமிச்சைச் சாதம். மங்கைக்கு எலுமிச்சைச் சாதம் ஆகவே ஆகாது; வீட்டில் அந்த வாசனை வந்தாலே ஜன்னலைத் திறப்பாள். இவள் விரல் நுனி மஞ்சளாகப் பிசைந்து விரும்பிச் சாப்பிட்டாள். மூடியில் எனக்கும் வைத்தாள். நன்றாக இருந்தது. இத்தனை வருடம் என் வீட்டில் இல்லாத ஒன்று. அவள் ஊறுகாய்க்காகக் கையை நீட்டியபோது, இவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று உணர்ந்தேன். அது பயமாக இருக்கவில்லை.

மின்சாரம் திரும்பி வந்தது. மின்விசிறி சுற்றியது. நின்றிருந்த வெளிச்சம் மீதித் தூரத்தையும் ஓடி முடித்தது. நான் எழுந்தேன். அவள் பழைய இரண்டு வாக்கியங்களுக்குத் திரும்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் நகலை எடுத்துப் பார்த்து, பாதி மங்கலாக இருக்கிறது என்று கிழித்துப் போட்டாள்.

அப்போது தெருவில் ஆட்கள் ஓடினார்கள். பாக்கியராஜும் ஓடினார், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும், "கடல் வந்து இறங்கிடுச்சு. ஊருக்கு மேற்கால. வெளியீட்டு அன்னைக்கே தரவேண்டியது, இப்பத்தான் அனுப்பியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மங்கை ஷட்டரை இழுத்துவிட்டாள். நாங்கள் மேற்கே நடந்தோம். நெல் குத்தும் மில்லைத் தாண்டியதும் கடல் தொடங்கியது. அடிவானம் வரைக்கும் நீலமாக, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அலைகள் வியாழக்கிழமை வந்து சேரும், பொதுமக்கள் பொறுத்துக்கொள்ளவும் என்று கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

மங்கை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"உப்பு இன்னும் போடலை," என்று திரும்பிச் சொன்னாள்.